பார்வையும் படிப்பினையும்: மிஸ்ர் சுற்றுலாக்கள் குறித்து ஒரு திறனாய்வு

பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமுதாயங்களின் முடிவு எவ்வாறு அமைந்தது என்று காணுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கிறது. அவற்றுள் அல்முஃமின் அத்தியாயத்தின் 82ஆம் வசனம் நம் கவனத்துக்கு உரியது. அழிந்துபட்ட அம்மக்கள் எண்ணிக்கையிலும் வலிமையிலும் பின்வந்தோரை விஞ்சியவர்கள் என்றும், மண்ணில் அவர்கள் விட்டுச் சென்ற தடங்கள் பெரியவை என்றும் அது கூறுகிறது. அங்கே ‘தடங்கள்’ என்பதற்கு ஆளப்பட்டுள்ள சொல் ‘ஆஸார்’. இன்றைய அரபு மொழியில் தொல்பொருள்களைக் குறிப்பதும் இதே சொல்தான். எகிப்து அரசின் சுற்றுலா, தொல்பொருள் அமைச்சகத்தின் பெயரில் ‘ஸியாஹா’, ‘ஆஸார்’ என்னும் இரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னாளில் ‘ஸியாஹா’ என்பது துறவியரும் அறிவு நாடுவோரும் ஊர் ஊராய்த் திரிவதைச் சுட்டிற்று. இந்நாளில் அது சுற்றுலாவைச் சுட்டுகிறது. இச்சொல்லின் பொருள் மாறியதைப் போலவே அச்செயலின் தன்மையும் மாறிவிட்டதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு இப்போது ஒரு தேவை உண்டு. உம்றாப் பயணத்துடன் மிஸ்ர், ஜோர்தான், பைத்துல் முகத்தஸ் ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டும் குழுப் பயணங்கள் தமிழக முஸ்லிம் ஊர்களில் பெருகியுள்ளன. கம்பம், உத்தமபாளையம், போடி, பெரியகுளம் ஆகிய நம் பகுதி ஊர்களிலிருந்தும் ஆண்டுதோறும் பலர் செல்கின்றனர். ஏலக்காய் வணிகரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் புறப்பட்ட தாய்மாரும் அவர்களுள் உளர். வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணம் அது. அதை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. அவர்களுக்குக் காட்டப்படுவது என்ன, சொல்லப்படுவது என்ன, ஊர் திரும்பியபின் அவர்கள் வழியே நம் பிள்ளைகளிடம் சேர்வது என்ன என்பவற்றையே இங்கு ஆராய்கிறோம்.

இரண்டாய்ப் பிளந்த நகரம்

இத்தகைய குழுவொன்றில் நாமும் சென்றுள்ளோம். பயணத் திட்டங்கள் சிற்சில மாற்றங்களுடன் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கெய்ரோவில் மூன்று நாள். முதல் நாள் ஜீஸாவின் பிரமிடுகளும் அபுல்ஹவ்ல் எனப்படும் ஸ்பிங்ஸ் சிலையும்; இடையில் பாப்பிரஸ் கடையும் அத்தர்க் கடையும். இரண்டாம் நாள் அருங்காட்சியகம். மூன்றாம் நாள் ஸியாரத்: அல்அஸ்ஹர், ஸையிதுனா ஹுசைன் பள்ளிவாசல், இமாம் ஷாஃபிஈ அவர்களின் அடக்கத்தலம், அம்ர் இப்னுல் ஆஸ் பள்ளிவாசல்.

இத்திட்டத்தில் குறைகாண வேண்டியது காலக்குறைவை அன்று. நகரத்தை அது இரண்டாய்ப் பிளந்துவிடுவதையே குறைகூற வேண்டும். முதலிரு நாள் காண்பவை ‘அவர்களுடையவை’. மூன்றாம் நாள் காண்பவை ‘நம்முடையவை’. முன்னவற்றின் முன் வியப்பும் படப்பிடிப்பும். பின்னவற்றின் முன் துஆவும் கண்ணீரும். இரண்டுக்கும் இடையே உறவு எதுவும் இருந்ததாக வழிகாட்டி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

வரலாறு இப்பிளவை ஏற்காது. ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில் கராகூஷ் என்னும் அதிகாரி ஜீஸாவின் சிறு பிரமிடுகளைப் பிரித்து, அக்கற்களைக் கெய்ரோவின் கோட்டை, மதில் முதலிய பணிகளுக்குப் பயன்படுத்தினார். கெய்ரோவின் இடைக்காலக் கட்டடங்கள் சிலவற்றின் வாசற்படிகளில் பழைய சித்திர எழுத்துகள் பொறித்த கற்களை இன்றும் காணலாம். அவ்வெழுத்துகளைப் படிப்பதற்குத் திறவுகோலாய் அமைந்த ரஷீத் கல்லும் (ரொசெட்டா கல்) மம்லூக் சுல்தான் காயித்பாய் எழுப்பிய கோட்டையின் சுவரில் பதிந்து கிடந்தே 1799இல் பிரெஞ்சுப் படையினர் கைக்குக் கிடைத்தது. பிரமிடைக் காணும்போது மதிலை நினைப்பதும், மதிலைக் காணும்போது பிரமிடை நினைப்பதுமே அந்நகரைக் காணும் முறை. அது கற்பிக்கப்படாமையால் பயணிகள் இரு நகரங்களைக் கண்டு திரும்புகின்றனர், கெய்ரோவைக் காண்பதில்லை.

கண்ணாடிப் பேழையும் கட்டுக்கதையும்

பயணத்தின் உச்சமாக நம்மவர் கருதுவது ‘ஃபிர்அவ்னின் உடலை’க் காண்பதைத்தான். 2021 ஏப்ரல் 3 அன்று 18 அரசர்கள், 4 அரசியர் ஆகிய 22 பேரின் பதப்படுத்திய உடல்கள் தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்திலிருந்து பெரும் ஊர்வலமாக ஃபுஸ்தாத்திலுள்ள எகிப்திய நாகரிக தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அரச உடல்கள் வைக்கப்பட்டுள்ள அக்கூடத்தில் படம் எடுக்கத் தடை உண்டு. விளக்கமெல்லாம் கூடத்துக்கு வெளியே நின்று சொல்லப்படும். நம் குழுவின் எகிப்திய வழிகாட்டி ஆங்கிலத்தில் ஒரு செய்தியைக் கூறினார். குழுத் தலைவர் அதைத் தமிழில் பெயர்த்தார். ‘மூஸா நபியின் காலத்து அரசன் இவனாக இருக்கலாம் என்று சிலர் நம்புகின்றனர்’ என்பது முன்னவர் சொன்னது. ‘இவன்தான் அந்த ஃபிர்அவ்ன், செங்கடலில் மூழ்கியவன்’ என்பது பின்னவர் சொன்னது. ‘இருக்கலாம்’ என்பதும் ‘சிலர்’ என்பதும் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோயின. ஊருக்கு வந்து சேர்வது உதிர்ந்தவை போக எஞ்சியதே.

இச்செய்தியை நிதானமாக ஆராய்வோம். நம் மேடைகளில் பெரும்பாலும் சுட்டப்படுபவன் இரண்டாம் ராம்ஸேஸ். கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்ட இவன் ஏறத்தாழ 90 வயது வரை வாழ்ந்தவன் என்றும், மூட்டு நோயாலும் பல் நோயாலும் வருந்தியவன் என்றும் அவனது உடலை ஆராய்ந்தோர் கூறுவர். அவ்வுடல் கடற்கரையில் ஒதுங்கிக் கிடைத்ததன்று. லுக்ஸர் நகருக்கு எதிரே தைருல் பஹ்ரீ மலைப்பகுதியில், கள்வரிடமிருந்து காப்பதற்காகப் பழங்காலக் குருமார் மறைத்து வைத்த பிற அரச உடல்களோடு 1881இல் வெளிப்பட்டது. அவனுடைய மகன் மெர்னெப்தாவின் உடலும் கடலில் கிடைத்ததன்று. அரசர் பள்ளத்தாக்கில் இரண்டாம் அமென்ஹோதெப்பின் கல்லறைக்குள் 1898இல் கிடைத்தது.

பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் புகைல் 1976இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், மூழ்கிய அரசன் மெர்னெப்தா என்றே வாதிட்டார். ராம்ஸேஸின் உடல் அதே ஆண்டு பாரிசுக்குச் சிகிச்சைக்காகக் கொண்டு செல்லப்பட்டது. இவ்விரு செய்திகளையும் ஒன்றாய்க் குழைத்து, ராம்ஸேஸின் உடலைக் கண்டு அவர் உண்மையை உணர்ந்ததாக ஒரு கதை நம்மிடையே உலவுகிறது. அவருடைய நூலைப் படிக்காமலேயே அவரைச் சாட்சியாக்கியதன் விளைவு இது. மெர்னெப்தா பற்றிய அவர் கருத்துக்கும் ஒரு பெருந்தடை உண்டு. 1896இல் பெட்ரி கண்டெடுத்த மெர்னெப்தாவின் வெற்றிக்கல், அவனது ஆட்சியின் 5ஆம் ஆண்டிலேயே இஸ்ரவேலர் கன்ஆன் பகுதியில் வாழும் ஒரு மக்களாக இருந்ததைக் குறிப்பிடுகிறது. உடலில் உப்பு காணப்பட்டதே மூழ்கியதற்குச் சான்று என்பதும் வலுவற்ற வாதம். உடலைப் பதப்படுத்த எகிப்தியர் பயன்படுத்திய நத்ரூன் என்பதே ஒருவகை உப்புதான். எனவே பதப்படுத்திய உடல்களில் உப்பு இருப்பது இயல்பு.

இவ்வளவுக்கும் மேலான செய்தி, திருக்குர்ஆன் அந்த அரசனின் பெயரை எங்கும் கூறவில்லை என்பது. ‘ஃபிர்அவ்ன்’ என்பது பட்டமே. யூனுஸ் அத்தியாயத்தின் 92ஆம் வசனம், அவனுக்குப் பின்வருவோருக்குச் சான்றாகும் பொருட்டு அவனது உடல் காக்கப்படும் என்கிறது. இதற்கு முற்கால விரிவுரையாளர் கூறிய விளக்கம் யாது? ‘நுனஜ்ஜீக’ என்னும் வினையை, மேட்டுநிலம் எனப் பொருள்படும் ‘நஜ்வா’ என்னும் சொல்லோடு இணைத்து, மூழ்கியவனின் உடல் உயர்ந்ததோர் இடத்தில் எறியப்பட்டது என்றும், அவன் இறந்ததை ஐயுற்ற பனூ இஸ்ராயீல் மக்கள் அதைக் கண்டு தெளிந்தனர் என்றும் அவர்கள் எழுதினர். தபரீயிலும் இப்னு கஸீரிலும் இவ்விளக்கத்தைக் காணலாம். கண்ணாடிப் பேழையொன்று உலகில் இல்லாத காலத்திலும் அவர்களுக்கு அந்த வசனம் முழுமையாக விளங்கிற்று.

இதனால் நேரும் தீங்கு என்ன என்று சிலர் கேட்கலாம். ஈமானை வளர்க்கும் கதை ஒன்று சற்றுப் பிழையாயினும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பர். நம்மிடம் ஆலிம் வகுப்பில் பயின்று, பின்னர் வரலாற்றுத் துறையில் முதுகலை சேர்ந்த மாணவர் ஒருவர் ஒருநாள் நம்மிடம் வந்தார். “உஸ்தாத், கடலில் கிடைத்த உடல் என்று சின்ன வயதில் அத்தா சொன்னார், மதரஸாவிலும் கேட்டேன். இப்போது அது மலையில் கிடைத்தது என்று படிக்கிறேன். இது பிழையென்றால் மற்றவை எப்படி?” என்றார். அவர் ஐயுற்றது ராம்ஸேஸை அன்று. வேதத்தின் மீது சாத்தி வைத்த ஏணி சரிந்தபோது வேதமே சரிவதாக அவருக்குத் தோன்றிற்று. அந்த ஏணியைச் சாத்தியவர் நாமே. வேதம் அதைக் கேட்கவில்லை. அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையில் ஈமானைத் தொங்கவிட்டால், பலகையை மாற்றி எழுதும் ஒவ்வொரு முறையும் அது ஆடும். தீங்கு இதுவே.

முன்னோர் கண்ட முறை

அவ்வாறாயின் எங்ஙனம் காண்பது? இதற்கு மேனாட்டாரிடம் செல்ல வேண்டியதில்லை. கி.பி. 1162இல் பக்தாதில் பிறந்து 1231இல் மறைந்த மருத்துவர் அப்துல் லதீஃப் அல்பக்தாதீ மிஸ்ரில் பல்லாண்டு தங்கி, தாம் கண்டவற்றைச் சிறியதொரு நூலாக எழுதினார். அதன் பெயரிலேயே ‘இஃதிபார்’ என்னும் சொல் இடம்பெறுகிறது. ‘இப்ரத்’, ‘இஃதிபார்’ ஆகிய சொற்கள் ‘அபர’ என்னும் வேரிலிருந்து பிறந்தவை. அவ்வேருக்குக் கடத்தல் என்பது பொருள். கண்ட பொருளில் நின்றுவிடாது அதைக் கடந்து அதன் பொருண்மைக்குச் செல்வதே இஃதிபார். கடக்க வேண்டுமாயின் முதலில் அப்பொருளை அடைந்தாக வேண்டும். அடையாமலே கடப்பது தாண்டிக் குதிப்பதாகும். நம் பயணக் குழுக்கள் செய்வது அதையே.

பக்தாதீ முதலில் அடைந்தார். பிரமிடுகளின் கற்கள் ஊசி நுழையா வண்ணம் இசைந்திருப்பதை நோக்கினார். மிஸ்ரில் கண்டவற்றுள் வியப்புக்குரியது எது என்று வினவப்பட்டபோது, அபுல்ஹவ்லின் முக உறுப்புகளின் பொருத்தமான அளவு என்று விடையளித்தார். மிகப் பெரிய உருவில் அப்பொருத்தத்தைக் காத்த சிற்பியின் கணக்கே அவரை வியக்க வைத்தது. ஸலாஹுத்தீனின் மைந்தர் அல்மலிக் அல்அஸீஸ் உஸ்மான் 1196இல் மூன்றாம் பிரமிடை இடிக்க ஆள்களை ஏவினார். எட்டுத் திங்கள் உழைத்தும் அவர்களால் அதன் ஒரு பக்கத்தைச் சிதைக்கவே முடிந்தது. பெயர்த்த கல்லொன்றை ஆயிரம் பொற்காசு தந்தால் மீண்டும் அதன் இடத்தில் பொருத்துவாயா என்று பக்தாதீ அப்பணியின் மேற்பார்வையாளரிடம் கேட்டார். பன்மடங்கு கொடுத்தாலும் இயலாது என்று அவர் ஆணையிட்டுக் கூறினார். அழிப்பதற்கும் ஆற்றல் போதாத ஒரு தலைமுறை, ஆக்கிய தலைமுறையின் முன் நிற்கும் நிலையை ஒரு வினாவில் காட்டிவிட்டார் அவர்.

பழஞ்சின்னங்களை அரசர்கள் காக்க வேண்டியதற்கு அவர் காரணங்களையும் அடுக்கினார். அவை கால வரலாற்றை அறியத் துணைபுரிபவை, இறைவேதங்களில் கூறப்பட்டோரின் வாழ்வுக்குச் சாட்சியாய் நிற்பவை, முடிவை நினைவூட்டுபவை, முன்னோரின் அறிவையும் நிலையையும் உணர்த்துபவை. புதையல் தேடிக் கல்லறைகளைக் குடைவோரை அவர் கடிந்தார். இன்னொன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புக் குவியலை ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்பால் ஆனது என்று அவர் கண்டறிந்தார். அது ஈரெலும்பு என்பது மருத்துவப் பேராசான் ஜாலீனூஸின் கூற்று. ஜாலீனூஸை மதித்துக்கொண்டே, தம் கண் கண்டதை அவர் எழுதினார். இதுவே பார்த்தல்.

இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் வாழ்ந்தவர். பண்டைப் பெருங்கட்டடங்களை எழுப்பியோர் மாபெரும் உடல் படைத்த பூதங்கள் என்னும் கதையை அவர் மறுத்தார். மக்கள் திரண்டதாலும், அரசு வலிமையாலும், பளு தூக்கும் பொறிகளாலும் அவை எழுந்தன என்றார். அவர் கூற்றின் உண்மை நம் காலத்தில் புலனாயிற்று. ஜீஸாவில் பிரமிடுப் பணியாளரின் கல்லறைகள் 1990இல் வெளிப்பட்டன. செங்கடற்கரையில் வாதில் ஜர்ஃப் என்னுமிடத்தில் 2013இல் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளுள் மெரெர் என்னும் அலுவலரின் நாட்குறிப்பும் ஒன்று. தூராவிலிருந்து சுண்ணக்கல்லைப் படகில் ஏற்றிப் பெரிய பிரமிடுக்குக் கொண்டு சென்ற பணியை அது நாள்தோறும் பதிவு செய்கிறது. பனூ இஸ்ராயீல் அடிமைகளே பிரமிடுகளைக் கட்டினர் என்று பேருந்தில் சொல்லப்படுவது பிழை. பெரிய பிரமிடு மூஸா (அலை) அவர்களின் காலமெனப் பொதுவாகக் கருதப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

முன்னோர் அனைவரும் இவ்வாறே கண்டனர் என்று நாம் சொல்லவில்லை. 1326இல் மிஸ்ர் வந்த இப்னு பத்தூதா, பிரமிடுகள் அடியில் வட்டமாகவும் மேலே கூம்பாகவும் இருப்பதாக எழுதினார். சதுர அடித்தளத்தை நேரில் கண்டவர் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார் என்பதே அறிஞர் பலரின் முடிவு. பின்னாளில் நம் மதுரை வரை வந்த அப்பெரும்பயணியும் ஜீஸாவைக் கேள்வியால் மட்டுமே அறிந்திருக்கக்கூடும். ஸாயிமுத் தஹ்ர் என்னும் ஒருவர் 14ஆம் நூற்றாண்டில் அபுல்ஹவ்லின் முகத்தைச் சிதைத்ததை மக்ரீஸீ பதிவு செய்துள்ளார். நம் மரபில் பக்தாதீயும் உண்டு, ஸாயிமுத் தஹ்ரும் உண்டு. எவரைப் பின்பற்றுவது என்பதே வினா. 1835இல் தொல்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்வதற்கு முஹம்மது அலீ பாஷா தடை விதித்தபோது, அவற்றைத் திரட்டிக் காக்கும் பொறுப்பு அல்அஸ்ஹரில் பயின்ற ரிஃபாஆ அத்தஹ்தாவீயிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓர் ஆலிமுக்கு அது இழிவாகப்படவில்லை.

ஒரு தடையும் விடையும்

ஸமூது கூட்டத்தாரின் வாழிடமான ஹிஜ்ரைத் தபூக் படையெடுப்பின்போது கடந்த நபி (ஸல்) அவர்கள், தண்டிக்கப்பட்டோரின் இல்லங்களுக்குள் அழுதவர்களாகவேயன்றி நுழைய வேண்டாமென அறிவுறுத்தியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதைக் காட்டி மிஸ்ர் சின்னங்களைக் காண்பதே தகாது என்போர் உளர். அவர்களின் அச்சம் மதிப்புக்குரியது. ஆயினும் இருவற்றைக் கருத வேண்டும். ஹிஜ்ர் தண்டனை இறங்கிய இடமென நபியவர்களால் சுட்டப்பட்டது. பிரமிடுகளைக் குறித்து அத்தகைய சுட்டு இல்லை. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் கி.பி. 641 அளவில் மிஸ்ர் வசப்பட்டு ஃபுஸ்தாத் நகர் எழுந்தபோது, ஆற்றின் அக்கரையில் பிரமிடுகள் நின்றன. அவற்றை அழிக்க ஸஹாபாக்கள் முற்படவில்லை.

அந்நபிமொழி தடுப்பது பார்வையை அன்று, பாராமுகத்தை. அழுகை என்பது உணர்ந்ததன் அடையாளம். ஒட்டகத்தின் மீதேறிச் சிரித்துப் படம் எடுத்து, அரைமணியில் பேருந்துக்குத் திரும்பும் பயணத்துக்கே அது பெரிதும் பொருந்தும். வானத்திலும் பூமியிலும் எத்தனையோ சான்றுகளை மனிதர் புறக்கணித்தவாறு கடந்து செல்கின்றனர் என்று யூஸுஃப் அத்தியாயத்தின் 105ஆம் வசனம் கூறுவதும் இதுவே. கடப்பது வேறு, பொருளை உணர்ந்து கடப்பது வேறு.

அங்கே நம் பெயர்

இதுகாறும் மிஸ்ரை வேதத்தின் வழியே மட்டும் நோக்கினோம். தமிழர் என்னும் முறையில் அந்நிலத்தோடு நமக்குள்ள உறவு இன்னொன்று. அது எந்தப் பயணத் திட்டத்திலும் இல்லை.

2026 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்க் கல்வெட்டியல் பன்னாட்டுக் கருத்தரங்கில், லோசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ரௌக்கும் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் ஷார்லொட் ஷ்மித்தும் ஓர் ஆய்வை முன்வைத்தனர். லுக்ஸருக்கு எதிரேயுள்ள அரசர் பள்ளத்தாக்கின் ஆறு கல்லறைகளில் தமிழ் பிராமி, பிராகிருதம், சமஸ்கிருதம் ஆகியவற்றில் ஏறத்தாழ 30 கீறல் எழுத்துகள் உள்ளன என்பது அதன் சாரம். அவை கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கிரேக்கரும் உரோமரும் அங்கே ஆயிரக்கணக்கில் பெயர் கீறிச் சென்றது முன்பே தெரிந்த செய்தி. அவர்களிடையே தமிழரும் இருந்தனர் என்பது புதிது. சிகை கொற்றன் என்பவர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தம் பெயரை எழுதியுள்ளார். வந்தார், கண்டார் என்னும் பொருள்பட அவர் எழுதிய தொடர், நமக்குத் தெரிந்த மிகப் பழைய தமிழ்ச் சுற்றுலாக் குறிப்பு எனலாம்.

அவர் அங்கே வந்ததற்குக் காரணம் வணிகம் என்று கொள்வதே இயல்பு. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் இந்திய மண்சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு கிடைத்தது. கொறபூமான் என்னும் தமிழ்ப் பெயர் எழுதிய பானையோடும் கிடைத்தது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நாம் மேலே கண்ட இரண்டாம் ராம்ஸேஸின் உடலைப் பதப்படுத்தியோர் அதன் மூக்கில் மிளகு மணிகளை இட்டிருந்தனர். நம் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு வானை மறைத்து நிற்கும் மலைத்தொடரின் மறுபக்கச் சரிவுகளே மிளகின் தாயகம். ‘ஃபிர்அவ்ன்’ என்று சொல்லிக் காட்டப்பட்ட உடலில் நம் மலையின் விளைபொருள் இருந்ததைச் சொல்லக் குழுவில் ஒருவருமில்லை. இன்றும் போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய் அரபு நாடுகளின் காப்பிக் கோப்பைகளைச் சென்றடைகிறது. அவ்வழக்கம் எவ்வளவு பழையதென்று உணர்ந்து மிஸ்ரில் நிற்பவனுக்கு அந்நிலம் அந்நியமாகாது.

குஸைர் அல்கதீம் என்னும் மற்றொரு செங்கடல் துறைமுகத்தின் மேடு நம் போன்றோருக்கென்றே அமைந்தது போன்றது. அம்மேட்டில் உரோமர் காலத்து அடுக்கில் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. ‘பானை ஒறி’ என்பது அவற்றுள் ஒன்று. அதே இடத்தின் அய்யூபியர், மம்லூக்கியர் காலத்து அடுக்கில் வணிகர்களின் அரபுக் கடிதங்கள் கிடைத்தன. தமிழும் அரபும் ஒரே மண்ணில் இரு அடுக்குகளாய்க் கிடக்கும் அவ்விடத்தைவிட, தமிழ் முஸ்லிம் தன்னைத் தான் அறிந்துகொள்ளத் தக்க இடம் மிஸ்ரில் வேறு ஏது? ‘அவர்களுடையது’, ‘நம்முடையது’ என்னும் பிளவு அங்கே தானே கரைந்துவிடும்.

சிகை கொற்றனை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அவர் விட்டுச் சென்றது தம் பெயரை மட்டுமே. கண்டதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கைப்பேசிப் படங்களோடு திரும்பும் நம்மவரின் நிலையும் அதுதான். வந்தோம், கண்டோம் என்பதற்கு அப்பால் பக்தாதீயின் ஒரு வரியளவேனும் நம்மிடம் இருக்க வேண்டாமா?

செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு அமைதல் திறனாய்வாகாது, சிலவற்றை முன்மொழிகிறோம்.

முதலாவது, பயணக் குழுக்களை அழைத்துச் செல்வோர் புறப்படும் முன் ஊர்ப் பள்ளிவாசலிலோ மதரஸாவிலோ இரண்டு மூன்று அமர்வுகளேனும் நடத்த வேண்டும். மூஸா (அலை) வரலாறு வேதத்தில் எவ்வாறு கூறப்பட்டுள்ளது, தொல்லியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துக் காட்டும் ஆலிம்கள் முன்வர வேண்டும். ‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்கலாம்’ என்றே மொழிபெயர்க்கும் நேர்மை குழுத் தலைவருக்கு வேண்டும். அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து ஹதீஸைத் தரம் பிரித்த சமுதாயத்துக்கு இது பெரிய கோரிக்கை அன்று.

இரண்டாவது, அரபுக் கல்லூரிகளின் உரைநடைப் பாடத்தில் பக்தாதீயின் நூலிலிருந்து சில பகுதிகளைச் சேர்க்கலாம். நடை தெளிவானது, அளவு சிறியது. மொழிப் பயிற்சியோடு காணும் பயிற்சியும் மாணவருக்கு ஒருங்கே வாய்க்கும்.

மூன்றாவது, மிஸ்ருக்குச் செல்லுமுன் நம் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டிப்பட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டறியப்பட்டன; தமிழகத்தில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய நடுகற்களாக அவை கருதப்படுகின்றன. ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் மாண்ட அந்தவன் என்பானின் நினைவுக்கல். அக்கூடலூர் நம் கம்பத்தை அடுத்துள்ள கூடலூராகவே இருக்கலாம் என்று கருத இடமுண்டு. ராம்ஸேஸின் சிலை 11 மீட்டர் உயரம். 2025 நவம்பரில் முறையாகத் திறக்கப்பட்ட பெரும் எகிப்திய அருங்காட்சியகத்தின் வாயிற்கூடத்தில் அது நிற்கிறது. அந்தவனின் கல்லோ சிறியது. ஆயினும் ஆணையிட்ட அரசனின் பெயரைப் பெருங்கல்லில் பொறித்த நாகரிகத்தையும், மாட்டுப் பூசலில் மாண்ட ஒரு வீரனின் பெயரைச் சிறுகல்லில் பொறித்த நாகரிகத்தையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கும் மாணவன் இரண்டையும் புரிந்துகொள்வான். புலிமான்கோம்பை உத்தமபாளையத்திலிருந்து பேருந்தில் காலையில் சென்று மாலையில் திரும்பும் தொலைவுதான். ஆயினும் நம் மாணவருள் அப்பெயரைக் கேள்விப்பட்டோரே அரியர்.

மிஸ்ரின் ஆட்சி தன்னுடையதன்றோ, இவ்வாறுகள் தனக்குக் கீழ் ஓடவில்லையோ என்று ஃபிர்அவ்ன் தன் மக்களிடம் தருக்கியதை ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 51ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. மலைக்கு அப்பாலிருந்து 1895 முதல் திருப்பிவிடப்பட்டு வரும் முல்லைப் பெரியாற்று நீரால் வாழும் பள்ளத்தாக்கு நம்முடையது. ஆற்று நீரைத் தனதென்று சொல்லிக்கொள்ளும் ஆசை எத்தகையது என்பதை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. ஃபிர்அவ்னைக் கண்ணாடிப் பேழைக்குள் தேடுவோர் அவனைக் கடந்தகாலத்தில் பூட்டி வைத்து ஆறுதல் கொள்கின்றனர். அவன் பெயரை வேதம் கூறாது விட்டது, அத்தருக்கு எக்காலத்தும் எவரிடத்தும் முளைக்கக்கூடும் என்பதற்காகவும் இருக்கலாம். அல்ஹஜ் அத்தியாயத்தின் 46ஆம் வசனப்படி, குருடாவன கண்களல்ல, நெஞ்சுக்குள் இருக்கும் உள்ளங்களே.